பதினான்கு லட்சம் கோடி எங்கே போனது?

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குள் சென்செக்ஸ் 10 சதவீதம் சரிந்ததால் வர்த்தகத்தை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். திறந்த பிறகும் சரிவு நிற்கவில்லை. மாலையில் 3,934 புள்ளிகளை இழந்து 25,981-இல் முடிந்தது. ஒரே நாளில் முதலீட்டாளர்களின் சொத்து சுமார் 14 லட்சம் கோடி ரூபாய் கரைந்துவிட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். அத்தனை பணமும் யார் கைக்குப் போனது? யார் கைக்கும் போகவில்லை. எப்படி என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டே போதும்.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் அங்கே மல்லிகை கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டும். முகூர்த்தம் முடிந்து வரத்தும் கூடிவிட்டால் அதே மொட்டு முந்நூறுக்கு இறங்கிவிடும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் பறிக்காத மொட்டுகளையும் சேர்த்து, அன்றைய மண்டி விலையால் பெருக்கிப் பாருங்கள். முந்தைய நாளைக்கும் இன்றைக்கும் கோடிக்கணக்கில் வித்தியாசம் வரும். அதை எந்தக் கமிஷன் கடைக்காரரும் எடுத்துப் போகவில்லை. பங்குச் சந்தையின் மதிப்பையும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். அன்று கைமாறுவது மொத்தப் பங்குகளில் சொற்பம். அந்தச் சொற்பத்தின் கடைசி விலையைத்தான், பெட்டிக்குள் சும்மா கிடக்கும் பங்குகளுக்கும் போட்டுப் பெருக்குகிறார்கள்.

மல்லிகை விலை இறங்கியதற்காகச் செடியை யாரும் பிடுங்குவதில்லை. மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்தால் அது பல வருஷம் பூக்கும். கம்பெனிக்கும் செடி தனி, அன்றைய விலை தனி. தொழிற்சாலை, வாடிக்கையாளர், ஆண்டு லாபம், அதிலிருந்து வரும் டிவிடெண்ட் எல்லாம் செடியின் பக்கம்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மொட்டு சாயங்காலம் விரிந்துவிடும், அதனால் வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும். பங்கு வாடாது. ஆனால் கடனில் வாங்கிய பங்கு வாடும். விலை விழுந்ததும் தரகு நிறுவனம் கூடுதல் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம், கேட்கும். கட்ட முடியாதவரின் பங்கை அதுவே விற்றுவிடும். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்க, அடுத்தவரின் மார்ஜினும் போதாமல் போகும். பீதி நாளின் வேகத்தில் பெரும்பங்கு இந்தச் சங்கிலிக்கு உண்டு. அந்த மார்ச்சில் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் 60,000 கோடிக்கு மேல் விற்றார்கள். உலகமே டாலரைத் தேடிய மாதம் அது. விற்றே ஆகவேண்டியவர்கள் குவிந்த நாளின் விலையை வைத்து, விற்க வேண்டிய அவசியமில்லாதவர் தன் சொத்தை எடை போட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அந்த ஆண்டின் கடைசி நாளில் சென்செக்ஸ் 47,751.

இறங்கியதெல்லாம் ஏறிவிடும் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸின் பொய்க் கணக்கு வெளிவந்தபோது, அதன் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்கு விலையை இழந்தது. அங்கே செடியின் வேரே அழுகியிருந்தது. சில நாட்களிலேயே அதைச் சென்செக்ஸிலிருந்து நீக்கி வேறொரு கம்பெனியைச் சேர்த்தார்கள். பட்டுப்போனதை எடுத்துவிட்டுப் புதிதை நடும் இந்த ஏற்பாடு தனிப் பங்குக்குக் கிடையாது. சென்செக்ஸ் போன்ற குறியீட்டை நம்புவதற்கு எனக்கு இருக்கும் முக்கியக் காரணம் இதுதான்.

குறியீடும் நம் பொறுமையைக் கடுமையாகச் சோதிக்கலாம். 1989 கடைசியில் 38,915-ஐத் தொட்ட ஜப்பானின் நிக்கேய், அந்த உயரத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. 34 ஆண்டுகள்! ஆனால் அது உச்சத்தில் மொத்தப் பணத்தையும் போட்டவரின் கணக்கு. குறியீட்டு ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் போடுபவரின் கணக்கு வேறு. யூனிட் 50 ரூபாயாக இருக்கும்போது அவருக்கு 100 யூனிட் கிடைக்கும். விலை பாதியாகி 25 ரூபாய்க்கு வந்தால், அதே பணத்துக்கு 200. ஆக 10,000 ரூபாய்க்கு 300 யூனிட். விலை மீண்டும் 50-ஐத் தொட வேண்டியதில்லை, 34-க்கு வந்தாலே அவர் லாபத்தில் இருப்பார். ஜப்பானிலும் சரிவு நெடுக மாதாமாதம் வாங்கி வந்தவர்கள் 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டி வரவில்லை.