கறுப்புக்கு மேல் வெள்ளி

சிகிரியாக் குன்றில் பாதி ஏறியதும் கண்ணாடிச் சுவர் வரும். வெறும் செங்கல் சுவர்தான். மேலே சாந்து பூசி, முகம் தெரியுமளவுக்குத் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார்களாம். வெள்ளியும் இல்லை, ரசமும் இல்லை. விமான மொடல் செய்பவர்கள் உலோகப் பூச்சில் கைவைக்குமுன் அந்தச் சுவரை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம்.

என் மேசையில் இருப்பது பி-29. 1944 ஆகஸ்ட் 10 அன்று, மாத்தளைக்கு அப்பால் திருகோணமலை சீனன்குடாவிலிருந்து இந்த ரக அமெரிக்க விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கக் கிளம்பின. பெரும்பாலானவற்றுக்கு உருமறைப்புப் பூச்சு கிடையாது, வெற்று அலுமினிய உடல். பூச்சில்லாததால் பாரமும் மிச்சம். சிறகின் முழு நீளம் 43 மீற்றர். 1/72 அளவில் 60 சென்ரிமீற்றர் வருகிறது.

வெள்ளிப் பெயின்டில் இருப்பவை நுண்ணிய அலுமினியச் செதில்கள். மீன் செதில்போல் தட்டையாகப் படிந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும். தாறுமாறாக நின்றால் ஒளி சிதறி, கிடைப்பது சாம்பல் நிறம். தூரிகையால் அப்பினால் பெரும்பாலும் இதுதான் கதி.

ஆகவே பாடெல்லாம் அடித்தளத்தில். உடலின் இரு பாதிகள் ஒட்டிய கோட்டை 400, 1000, 2000 இலக்க சாண்ட் பேப்பரால், தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். குறுக்கே நகத்தை ஓட்டினால் எங்கும் தடக்கக்கூடாது. பிறகு பளபளக்கும் கறுப்புப் பூச்சு. அது நன்றாகக் காய்ந்தபின் ஏர்பிரஷால், குறைந்த அழுத்தத்தில், பனி படிவதுபோல் மெல்லிய வெள்ளி. அடியிலுள்ள கறுப்பு கொஞ்சம் தெரிவதால்தான் உலோகத்துக்குரிய ஆழம் வருகிறது. தடிப்பாக அடித்தால் கறுப்பு மறையும், உலோகமும் மறையும்.

முழு உடலுக்கும் ஒரே வெள்ளி அடித்தால் பொம்மைதான். நிஜ விமானத்தில் தகட்டுக்குத் தகடு சாயல் மாறும், புகைபோக்கியருகே உருக்கு பழுப்பேறும். சில கட்டங்களை மட்டும் விட்டு மற்றவற்றை ரேப்பால் மறைத்து, சற்றுக் கருமை கலந்து அடிக்கிறேன்.

மாத்தளையின் நவம்பர் மழையில் மட்டும் லாக்கர் வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் ஒடுங்கும். என் முதல் சிறகு அப்படித்தான் பால் கொட்டினதுபோல் வெளுத்தது.

எல்லாம் முடிந்து அலுமாரியில் வைத்தால், வருகிறவர்கள் "அசல் தகரமா?" என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். ரேகை அப்படியே பதியும். கண்ணாடிச் சுவரில் கவிதை கீறிவிட்டுப் போனவர்கள் அப்போது ஞாபகத்துக்கு வருவார்கள்.