கழற்றி மாட்டும் காலணி

ரயில்வேயில் 38 ஆண்டுகள் சக்கரம், அச்சு, பேரிங் என்று காலம் தள்ளிய நான், பெண்களின் காலணி பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எழுத வைத்தவர்கள் என் வீட்டுப் பெண்கள் இருவர்.

முதலாவது என் மனைவி. நான்கு ஆண்டுகளுக்கு முன் படியில் தவறி விழுந்து இடது பாதத்தில் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் இடது பாதம் வலது பாதத்தைவிடச் சற்று அகலமாகிவிட்டது. வலது காலுக்கு 5-ஆம் எண் என்றால் இடது காலுக்கு 6 வேண்டும். கடையில் கேட்டால், "ஜோடியாகத்தான் சார் தருவோம்" என்றார்கள். அதுவும் நியாயம்தான், மீதி ஒற்றைச் செருப்பை அவர்கள் யாருக்கு விற்பார்கள்? இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பரணில் போட்டு வைத்தோம்.

இரண்டாவது என் மருமகள். ஒயிட்ஃபீல்டில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. அலுவலகக் கூட்டத்துக்கு உயரக் குதி, மெட்ரோவில் நடக்கத் தட்டைச் செருப்பு என்று பையில் இரண்டு ஜோடி சுமந்து கொண்டிருந்தாள். ஒருநாள், "மாமா, இதைப் பாருங்க, உங்க டிபார்ட்மெண்ட்!" என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ஒரு ஜோடி காலணி, இரண்டு விதமான குதிகள். பொத்தானை அழுத்தினால் குதி கழன்று வரும், வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். எனக்கும் உற்சாகம் பிறந்தது. மூன்று மாதம் கழித்து, படி இறங்கும்போது அந்தக் குதி ஆடிப்போய் அவள் கைப்பிடியைப் பிடித்துத் தப்பினாள். வீட்டில் ஒருத்தி விழுந்து நாங்கள் பட்டது போதும். அன்றே அந்தக் காலணியை என் மேசைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன். அதில் அறிந்ததையும் பிறகு படித்ததையும் இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

மாற்று உறுப்பு என்றால் என்ன?

ஒரு பொருளின் ஒரு பாகம் தேய்ந்தால், அதே அளவில் செய்த இன்னொன்றை அரம் போடாமல், தட்டாமல் அப்படியே பொருத்த முடிய வேண்டும். இதுதான் மாற்று உறுப்பு முறை. இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு ஒரு காலத்தில் அதிசயம். 1785-இல் பாரிஸில் ஒனோரே பிளாங்க் என்பவர் துப்பாக்கி விசைகளைப் பிரித்துக் கலந்து போட்டு, எந்தப் பாகம் கைக்கு வந்தாலும் சேரும் என்று காட்டினார். அதை நேரில் பார்த்த அமெரிக்கத் தூதர் தாமஸ் ஜெபர்சன் வியந்து தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதினார். பின்னர் 1819-20-இல் தாமஸ் பிளான்சார்ட் என்ற அமெரிக்கர் துப்பாக்கிக் கட்டையைப் பார்த்துப் பார்த்து நகல் எடுக்கும் கடைசல் இயந்திரத்தைச் செய்தார். அதே இயந்திரம் விரைவில் காலணி அச்சுக் கட்டைகளையும் கடைந்து தள்ளத் தொடங்கியது. ஆக, துப்பாக்கிக்கும் செருப்புக்கும் அன்றே உறவு ஏற்பட்டுவிட்டது.

நம் நாட்டில் மாற்று உறுப்புள்ள காலணி புதிதல்ல. ஹவாய் செருப்பை நினைத்துப் பாருங்கள். வார் அறுந்தால் முதலில் ஊக்கு, பிறகு புது வார். பலகையில் மூன்று துளை, வாரில் மூன்று குமிழ், கருவியே வேண்டாம். இதைவிட எளிய மாற்று உறுப்பு உலகில் உண்டா என்பது சந்தேகமே! அமெரிக்காவில் லிண்ட்சே பிலிப்ஸ் என்ற பெண்மணி, மேல் வாரை வெல்க்ரோவால் ஒட்டிப் பிரித்து நிறம் மாற்றும் செருப்பை விற்றுப் புகழ் பெற்றார். அடிப்படை ஒன்றுதான்.

உயர்ந்த ரகத் தோல் ஷூவிலும் அடிப்பகுதி மாற்றத்தக்கதே. மேல் தோலையும் அடித் தோலையும் நேராகத் தைக்காமல், நடுவில் வெல்ட் என்னும் தோல் பட்டையை வைத்துத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் வெளித் தையலைப் பிரித்துப் புது அடி தைக்கலாம்; மேல் பகுதிக்குச் சேதமில்லை. ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்ட சார்லஸ் குட்இயரின் மகன் 1870-களில் இதற்கான இயந்திரத்தைப் பரப்பினார். பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகும் வழியில் வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டுகிறோமே, அந்த வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து உலகெங்கும் தோல் காலணிகள் போகின்றன.

குதியை மாற்றுவதில் உள்ள சிக்கல்

வாரை மாற்றலாம், அடியை மாற்றலாம், குதியை மாற்றுவது மட்டும் ஏன் கடினம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

பெண்களின் காலணியில் முன்பாதத்தின் குமிழ்ப் பகுதிக்கும் குதிக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். குதி 7.5 செ.மீ. உயரம் என்றால், பாதம் நிற்கும் சரிவு 30 டிகிரி. அதைக் கழற்றி 4 செ.மீ. குதியை மாட்டினால் சரிவு சுமார் 15 டிகிரியாகக் குறைய வேண்டும். ஆனால் காலணியின் நடுவில், பாத வளைவுக்குக் கீழே, ஷாங்க் என்னும் எஃகுப் பட்டை ஒன்று இருக்கிறது. பாலத்துக்கு கர்டர் போல அதுதான் எடையைத் தாங்குகிறது. அது வளையாது. ஆகவே குதி இறங்கினால் காலணி முழுவதுமே பின்னால் சாய்ந்து, முன் நுனி தரையைவிட்டு 1.75 செ.மீ. மேலே எழும்பும். படகு போல ஆடும்; நடக்க முடியாது.

பாரிஸில் வாழும் கனடா நாட்டுப் பெண்மணி தான்யா ஹீத் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு, பொறியாளர்களைத் துணைக்கு வைத்துப் பல ஆண்டு உழைத்து, உயரம் மாறும் குதியுள்ள காலணியைக் கொண்டுவந்தார். கலிபோர்னியாவில் ஹேலி பவோன் என்பவர் 2016-இல், கல்லூரி மாணவியாக இருக்கும்போதே, குதியைக் கழற்றினால் தட்டையாகிவிடும் காலணிக்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். இத்தகைய காலணிக்கு இரண்டு குணங்கள் ஒருங்கே வேண்டும். ஷாங்க் தேவையான இடத்தில் வளைய வேண்டும். எடை ஏறியதும் வளையாமல் நிற்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் சேர்ப்பதே வித்தை.

அடுத்தது மூட்டு. 60 கிலோ எடையுள்ள பெண் ஒரு சதுர செ.மீ. நுனியுள்ள குதியில் அடி வைக்கும்போது, அந்த ஒரு சதுர செ.மீ. மீது 60 கிலோ இறங்குகிறது. கார் டயரின் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ அளவே. சாதாரணக் காலணியில் குதியை உள்ளிருந்து ஆணி அடித்து, பசை போட்டு அசையாமல் செய்துவிடுகிறார்கள். கழற்றும் குதியில் ஒரு சிறு தாழ்ப்பாள்தான் துணை. மேல் முகம் 2.5 செ.மீ. அகலமுள்ள குதியின் மூட்டில் கால் மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், 7.5 செ.மீ. கீழே உள்ள நுனியில் அது முக்கால் மில்லிமீட்டர் ஆட்டமாகிறது. ஒவ்வொரு அடியிலும் அந்த இடைவெளி தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு இன்னும் பெரிதாகும். தண்டவாள இணைப்புகளில் 'தடக் தடக்' என்று கேட்குமே, அதே கதை. மருமகளின் காலணியில் நடந்தது இதுதான். தாழ்ப்பாளின் நாக்கு பிளாஸ்டிக்; விளிம்பு மழுங்கிப் போயிருந்தது.

பொன்மலையில் கற்ற பாடம்

டிப்ளமோ முடித்து 1981-இல் பொன்மலைப் பணிமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, நீராவி எஞ்சின் சக்கரங்களுக்குத் தனி எஃகு டயர் போடுவதைப் பார்த்தேன். டயரைச் சூடாக்கி விரியச் செய்து, சக்கரத்தின் மேல் இறக்கி ஆறவிட்டால், சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்தால் டயரை மட்டும் மாற்றலாம். எவ்வளவு சிக்கனம் என்று வியந்தேன்.

பின்னாளில் எலகங்கா சக்கர ஆலைக்கு வந்தேன். 1984-இல் தொடங்கிய அந்த ஆலையில் சக்கரம் முழுவதும் ஒரே வார்ப்பு. தனி டயர் கிடையாது. "மாற்றத்தக்க பாகத்தை ஏன் விட்டுவிட்டோம்?" என்று மூத்த பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன். "நீண்ட நேரம் பிரேக் பிடித்தால் டயர் சூடாகி விரியும், தளரும். ஓடும் வண்டியில் தளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார் தம்பி" என்றார்.

அன்று கற்றதை இன்று காலணிக்கும் பொருத்துகிறேன். எந்தப் பாகம் சீக்கிரம் தேயுமோ, எது தளர்ந்தாலும் ஆளுக்கு ஆபத்து இல்லையோ, அதை மாற்றத்தக்கதாகச் செய்யலாம். வார், உள் மெத்தை, அடி ரப்பர், அலங்காரப் பூ, பக்கிள் எல்லாம் அப்படிப்பட்டவை. உயரக் குதி அப்படியல்ல. அதன் மூட்டு தளர்ந்தால் கணுக்கால் போய்விடும். குதியை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றுவதானால் மூட்டு எஃகாக இருக்க வேண்டும், அடிக்கடி சோதிக்க வேண்டும் என்கிறேன்.

அளவு என்னும் பழைய தொல்லை

என் மனைவியின் சிக்கல் அளவு பற்றியது. நாம் பயன்படுத்தும் இங்கிலாந்து அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். இது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்று வைத்த பழைய கணக்கு! ஐரோப்பிய அளவில் படி 6.67 மி.மீ. இரண்டுமே நீளத்தைத்தான் சொல்கின்றன, அகலத்தைச் சொல்வதில்லை.

சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானது என்று தெரிந்தது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதளவில் உச்சம் அடைகிறது என்பதும் தெரிந்தது. இதை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறையை முன்மொழிந்தார்கள். அகலம் போதாததால் ஓர் எண் பெரிதாக வாங்கி, முன்னால் இடம் காலியாக விட்டு நடக்கும் நம் பெண்களுக்கு இது நல்ல செய்தி.

சிவாஜி நகரில் கிடைத்த விடை

கடைசியில் மனைவிக்கு விடை கிடைத்தது, சிவாஜி நகரில் கையால் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம். வடார்க்காட்டிலிருந்து இங்கு வந்து மூன்றாம் தலைமுறை. இரண்டு காலையும் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டார். ஒரே எண்ணுள்ள அச்சுக் கட்டை இரண்டை எடுத்தார். இடது கட்டையின் பக்கத்தில் மட்டும் தோல் துண்டு ஒட்டி அகலமாக்கினார். "நீளம் ஒண்ணுதாம்மா, அகலம்தான் வேற. ஆறாம் நம்பர் போட்டா முன்னாடி தடுக்கும்" என்றார். நாங்கள் நான்கு ஆண்டாக ஓர் எண் பெரிதாக வாங்கியதே தவறு என்று அப்போதுதான் புரிந்தது. அளவு கருவியோடு வாழ்ந்த நான் நீளத்தையும் அகலத்தையும் பிரித்து அளக்காமல் போனேனே என்று வெட்கமாக இருந்தது.

மேலே மூன்று வார்கள், மூன்றிலும் பக்கிள். மாலையில் கால் வீங்கினால் ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். உள்ளே எடுத்து மாற்றக்கூடிய எம்.சி.ஆர். மெத்தை. இந்த மென்மையான நுண்துளை ரப்பருக்கு நம் வேலூரில் ஒரு வரலாறு உண்டு. உணர்ச்சி இழந்த பாதங்களுடைய தொழுநோயாளிகளுக்குப் புண் வராமலிருக்க, டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பரப்பியது அது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க

நம் குடும்பத்துப் பெண்களுக்குச் சில யோசனைகள்:

1. மாலை நேரத்தில், நின்றுகொண்டு, இரண்டு பாதங்களையும் அளந்து வாங்குங்கள். நீளம் வேறு, அகலம் வேறு.

2. கழற்றும் குதியை மாட்டியபின் காலணியைக் கையில் பிடித்து நுனியைப் பக்கவாட்டில் அசையுங்கள். சிறிது ஆடினாலும் வேண்டாம்.

3. குதியை மாற்றியபின் மேசை மேல் வையுங்கள். குமிழ்ப் பகுதியும் குதியின் முழு நுனியும் சமமாகப் படிய வேண்டும்.

4. மாற்றுப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அது மாற்று உறுப்பே அல்ல, வெறும் விளம்பரம்.

5. சர்க்கரை நோய் உள்ளவர்கள் உள்ளே பொத்தான், திருகு உள்ள காலணியைத் தவிர்த்து, மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும். அணியும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது.

மருமகள் இப்போது இரண்டங்குலத்துக்கும் குறைந்த, அகலமான நிலைக் குதிக்கு மாறிவிட்டாள். பையில் ஒரு ஜோடி குறைந்தது. என் மனைவி தினமும் மாலையில் அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை வரை நடந்து வருகிறாள். போன மாதம் மெத்தை தேய்ந்துவிட்டது. பெரியவரிடம் போய் மெத்தையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தோம். பரணில் இன்னும் இரண்டு ஒற்றைச் செருப்புகள் இருக்கின்றன. இடது காலுக்கு 5-ஆம் எண்ணும், வலது காலுக்கு 6-ஆம் எண்ணும் தேவைப்படுவோர் நம் சங்கத்தில் யாரேனும் இருந்தால் தெரிவியுங்கள், மகிழ்ச்சியுடன் தருகிறோம்.