கொம்புள்ள கிடாய்

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “வெளிநாட்டுப் பால் ஆடுகளைப் படத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கள் மந்தையில் ஒன்றைப்போல் ஒன்று இல்லையே, ஏன்?”

அவர் பார்த்தது சானென் ஆடாக இருக்கும். சுவிட்சர்லாந்து இனம். வெள்ளை உடம்பு, விறைத்த காது, பெரிய மடி. நிறம் பிசகியதையும் பால் குறைந்ததையும் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து, அச்சுவெல்லம் மாதிரி ஒரே வார்ப்பாக்கிவிட்டார்கள். நாளுக்கு 3 லிட்டர் சாதாரணமாகக் கறக்கும்.

நம் ஆட்டிடம் யாரும் பாலைக் கேட்கவில்லை. வெயிலில் நாளெல்லாம் நடந்து, உடைமரத்து நெற்றைத் தின்று, ஈன்ற குட்டிகளைக் காப்பாற்றினால் போதும். அதனால்தான் கறுப்பு உடம்பும் முகத்தில் கோடுமாகக் கன்னி ஆடு, நெடுநெடுவென்று வெள்ளையில் கறுப்போ சிவப்போ தெளித்த கொடி ஆடு, முழுக் கறுப்பில் சேலம் கருப்பு என்று இத்தனை உருவங்கள் தப்பிப் பிழைத்தன.

எனக்கு இதில் தீராத வியப்பு மோழை ஆட்டின்மேல்தான். கொம்பில்லாத ஆடு முட்டாது, வேலியில் மாட்டாது. பால் பண்ணைக்காரர்களுக்கு அது பிடித்துப்போய், மோழைக் கிடாயையே மோழைப் பெட்டையோடு சேர்த்தார்கள். பிறந்த பெட்டைக் குட்டிகளில் சில வளர வளரக் கிடாய்க் குணம் காட்டின. அவற்றுக்குச் சினையே பிடிக்கவில்லை. கொம்பில்லாமைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1944இல் ஆஸ்டெல் என்ற ஆய்வாளர் எழுதினார். 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் டிஎன்ஏவில் அதற்குக் காரணமான மாறுதலையே கண்டுபிடித்தார்கள். அந்த மாறுதல் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் கொம்பு முளைக்காது, அவ்வளவுதான். பெட்டைக் குட்டிக்கு இருவரிடமிருந்தும் வந்தால், சூலகத்தைச் சூலகமாக வளர்க்கும் மரபணு கருவிலேயே அடங்கிப்போகிறது. சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் விந்தகம் போன்ற திசு வளர்கிறது. இதற்குப் பரிகாரம் எளியது: மோழைப் பெட்டைக்குக் கொம்புள்ள கிடாயைச் சேர்த்தால் போதும்.

நம் மந்தைகளின் சிக்கல் வேறு. நன்றாக வளர்ந்த கிடாய்க்குட்டிதான் முதலில் விலைபோகிறது. விலைபோகாமல் நின்றது பெட்டைகளோடு சேர்கிறது. இல்லாவிட்டால், நீளக் காதுக்கு ஆசைப்பட்டு உத்தரப் பிரதேசத்து எட்டாவாப் பக்கத்து ஜமுனாபாரிக் கிடாயைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கரிசல் காட்டு மேய்ச்சலில் அந்தப் பெரிய உடம்புக்குத் தீனி எங்கே கிடைக்கும்? இப்படியே போனால் கன்னியும் கொடியும் கலந்து கரைந்துவிடும் என்பதுதான் என் கவலை.

விளாத்திகுளத்து நண்பரே, இரட்டைக் குட்டி போட்ட தாயின் கிடாய்களில் திடமான ஒன்றை இந்த ஆண்டு சந்தைக்கு அனுப்பாதீர்கள்.