லாக்டவுன்லயும் டயாலிசிஸுக்கு லீவு கிடையாது!

2020 மார்ச் 25. நாடு முழுக்க லாக்டவுன். பஸ் ஓடல. கம்பத்துல இருக்கிற ஒரு சிறுநீரக நோயாளியின் கவலை ஒண்ணுதான்: 'நாளைக்கு டயாலிசிஸுக்கு எப்படிப் போறது?' தேனிக்கே சுமார் 40 கி.மீ. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்குக்கு அதையும் தாண்டிப் போகணும்.

ஒரு தடவை போகலைன்னா என்ன? வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, தலா 4 மணி நேரம் மெஷின்தான் அவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. தவறினால் உடம்பில் நீர் தேங்கி மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம்.

அதனால், 'வராதீங்க'ன்னு மருத்துவக் குழுவால் சொல்ல முடியாது. வந்தாலோ ஒரே ஹாலில் பல பேர், தொற்று பரவும் பயம். 2020 ஏப்ரலில் மத்திய சுகாதாரத்துறையின் வழிகாட்டுதல் இதற்கு வழி சொன்னது. வாசலிலேயே காய்ச்சல், இருமல் இருக்கான்னு விசாரணை. எல்லோருக்கும் மாஸ்க். தொற்று சந்தேகம் இருந்தால் தனி அறை, அது இல்லைன்னா கடைசி ஷிஃப்ட்.

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளையும் வீட்டுக்கே தருகிறார்கள். இது எல்லோருக்கும் பொருந்தாது. டாக்டர்தான் முடிவு செய்யணும்.

உங்க வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்காங்களா? மழை, பந்த்னு பயணம் தடைபட்டால் உடனே சென்டருக்கு போன் பண்ணுங்க. நம்ம பள்ளத்தாக்கின் வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் நிறைந்தவை. அன்னிக்கு அவங்க கண்ணுல காட்டாதீங்க!