வேவு பார்க்கும் கண் நம்முடையது

எச்-ஐ-ஒய்-பி-பி-பி-ஆர்-க்யூ-ஏ-ஜி. இந்த ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் வரும் சொல்லுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. 2010-ன் இறுதியில் கூகுள் பொறியாளர்கள் இப்படிச் சுமார் 100 பொய்ச் சொற்களை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றையும் தேடினால் சம்பந்தமே இல்லாத ஒரு பக்கம் முதலில் வரும்படி தங்கள் தேடுபொறியில் கையாலேயே பொருத்தினார்கள். மேலே உள்ள சொல்லுக்குக் கிடைத்தது, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஓர் அரங்கின் இருக்கை வரைபடம். பிறகு மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் பிங் டூல்பாரும் உள்ள மடிக்கணினிகளில் அந்தச் சொற்களைக் கூகுளில் தேடி, வந்த பக்கங்களைச் சொடுக்கினார்கள். சுமார் இரண்டு வாரத்தில், சில சொற்களுக்கு அதே பக்கங்கள் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலும் வந்து நின்றன.

பொறியில் விழுந்தவை 100-ல் 7 முதல் 9 வரைதான். கூகுள் 2011 பிப்ரவரியில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. காப்பியடிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் சொடுக்குத் தகவல், தாங்கள் கணக்கில் எடுக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளில் ஒன்று மட்டுமே என்றது. இரு தரப்பு வாதமும் இருக்கட்டும். பிங் எந்தக் கணினிக்குள்ளும் திருட்டுத்தனமாக நுழையவில்லை. கூகுளில் தேடியவர்களின் பிரவுசரே போட்டியாளரின் சங்கதியை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இணையத்தில் போட்டியாளரை ஆராயும் தொழில் இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. அதன் ஒரு பெரும்பகுதி இந்த வழியில்தான் நடக்கிறது.

எல்லாமே அப்படி என்றும் சொல்லிவிட முடியாது. எந்தச் சொல்லைத் தேடினால் எந்த நிறுவனம் எத்தனையாவது இடத்தில் வருகிறது, அதன் தளத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு தரப்பட்டிருக்கிறது என்பவை வெளியே தெரியும் விஷயங்கள். தானியங்கி நிரல்கள் இணையத்தைச் சுற்றி வந்து அவற்றைத் திரட்டிவிடுகின்றன. சிக்கல் அடுத்த கேள்வியில் தொடங்குகிறது: அந்தத் தளத்துக்கு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள்? இதன் சரியான விடை தளத்தின் உரிமையாளரிடம்தான் இருக்கிறது. மற்றவர்கள் சொல்வதெல்லாம் மதிப்பீடு. சில வீடுகளில் பெட்டி பொருத்தி ஊர் முழுவதும் எந்த சீரியலைப் பார்க்கிறது என்று கணிக்கிறார்களே, அந்த டி.ஆர்.பி. முறைதான் இங்கும்.

1996-ல் தொடங்கி, 1999-ல் அமேசான் கைக்குப் போன அலெக்ஸா இணைய நிறுவனம் இதில் முன்னோடி. அதன் டூல்பாரை நிறுவியவர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்று பார்த்துத் தரவரிசை போட்டது. டூல்பார் வைத்திருந்தவர்கள் பொதுமக்களின் சரியான மாதிரி அல்ல என்ற விமர்சனம் கடைசிவரை தொடர்ந்தது. 2022 மே 1-ல் அந்தச் சேவை மூடப்பட்டது.

மாதிரிக் கணக்கின் பலவீனத்தை ஒரு சிறு கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஆயிரம் இணையப் பயனர்களில் ஒருவர் மாதிரியில் இருக்கிறார் என்று கொள்வோம். மாதம் 3,000 பேர் வரும் ஒரு கடையின் தளத்தில், மாதிரியைச் சேர்ந்தவர்கள் சராசரியாக 3 பேர்தான் தென்படுவார்கள். தற்செயலாகவே அது ஒரு மாதம் 1 ஆகவும் மறுமாதம் 5 ஆகவும் மாறும். கடையில் எந்த மாற்றமும் இல்லாதபோதே, வருகை ஐந்து மடங்கு ஆகிவிட்டதாக வரைபடம் காட்டும். பெருநிறுவனங்களுக்கு ஓரளவு பொருந்துகிற இந்த எண்களை நம்பி, சிறு வியாபாரிகள் விளம்பரச் செலவைத் தீர்மானிப்பது ஆபத்து.

அந்த மாதிரியில் இருப்பவர்கள் யார் என்பது இன்னும் கவலைக்குரியது. அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம், தன் பயனர்களின் பிரவுசிங் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றுவந்தது 2020 ஜனவரியில் அம்பலமானது. பாதுகாப்புக்காகப் போட்ட மென்பொருளே வேவு பார்த்திருக்கிறது! ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்டை 1.65 கோடி டாலர் செலுத்த வைத்தது.

இதைவிடப் பெரிய கதை ஒனாவோ. இந்த இஸ்ரேலிய நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013 அக்டோபரில் வாங்கியது. அதன் வி.பி.என். செயலி, தகவல்களைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று சொல்லித்தான் மக்களிடம் போனது. ஆனால் எந்தச் செயலியை எத்தனை பேர், எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் அதன் வழியே ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. 2014-ல் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தபோது, பலருக்கும் அது நம்ப முடியாத விலையாகத் தெரிந்தது. வாட்ஸ்அப்பின் வளர்ச்சியைக் காட்டும் ஒனாவோ வரைபடங்கள் ஃபேஸ்புக்கிடம் இருந்தது, 2018 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் ஆப்பிளின் விதிகளுக்கு முரணாக இருந்ததால் அந்தச் செயலி ஆப் ஸ்டோரிலிருந்து வெளியேறியிருந்தது. 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், பயனர்களுக்குப் போதிய விவரம் சொல்லவில்லை என்பதற்காக, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இவ்வளவு மறைமுக வேலைக்கு அவசியமே இல்லாத வழி ஒன்று இப்போது திறந்திருக்கிறது. 2019 மார்ச் முதல் மெட்டாவின் விளம்பர நூலகத்தில், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிறுவனத்தின் விளம்பரத்தையும் யாரும் பார்க்கலாம். எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் தெரியும். கூகுளும் 2023-ல் இதே போன்ற மையத்தைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், 4.5 கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் விளம்பரக் களஞ்சியம் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டமாக்கியது. விளம்பரம் நின்றபிறகும் ஓராண்டு அது அங்கே இருக்க வேண்டும். தேர்தல் பிரசாரங்களில் நடந்த முறைகேடுகள் எழுப்பிய கோபத்தில் பிறந்த வெளிப்படைத்தன்மை, வியாபாரிகளுக்கும் பயன்படுகிறது.

போட்டியாளரின் விளம்பரத்தைப் பார்த்துவிடலாம். அது பலன் தருகிறதா என்பது பார்வைக்குக் கிடைக்காது. சில சமயம் அவருக்கே தெரியாது. ஓர் உதாரணம்: தன் பெயரை யாராவது தேடுபொறியில் தேடினால் போட்டியாளர் விளம்பரம் மேலே வந்துவிடுமோ என்ற பயம் பல நிறுவனங்களுக்கும் உண்டு. சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனமே இந்தப் பிரச்சினையைச் சென்னை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அந்நிறுவனம் உரிமை கோரிய பெயர்கள் பொதுவான விவரணச் சொற்கள் என்று கூறி 2010-ல் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. அந்தப் பயத்தில் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயருக்கே பணம் கட்டி விளம்பரம் வாங்குகின்றன. ஈபே 2012 மார்ச்சில் இதைச் சோதித்துப் பார்த்தது. யாஹூ, எம்.எஸ்.என். தேடல்களில் 'ஈபே' என்ற சொல்லுக்கான விளம்பரங்களை நிறுத்தியது; கூகுளில் தொடர்ந்தது. இழந்த சொடுக்குகளில் 99.5 சதவீதம், காசில்லாத சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாகவே திரும்பி வந்தன. பிளேக், நாஸ்கோ, டடெலிஸ் ஆகிய மூவரும் இந்த ஆய்வை 2015-ல் 'எகனோமெட்ரிகா' இதழில் வெளியிட்டார்கள். பெயரே தெரியாத சிறு நிறுவனத்துக்கும் இதே முடிவு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் சோதனைக்கு முன்பு ஈபேயைப் பார்த்துக் காப்பியடித்தவர், அதன் வீண்செலவையும் சேர்த்தே காப்பியடித்திருப்பார்.

ஆகவே, போட்டியாளரைப் பற்றி அறிய விரும்பும் கடைக்காரர் முதலில் விளம்பர நூலகத்தைத் திறந்து, நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பல மாதங்களாக ஓடும் விளம்பரம் எது, நான்கே நாளில் காணாமல் போனது எது என்று குறித்துவைத்து, அந்த யோசனையைத் தன் கடையில் சிறிய தொகையில் சோதிக்கலாம். வருகை எண்ணிக்கை விற்கும் நிறுவனம் வாசலுக்கு வந்தால், "இந்த எண்கள் யாருடைய போனிலிருந்து வருகின்றன, அவர்களுக்கு அது தெரியுமா?" என்று கேளுங்கள். உங்கள் பிரவுசரில் உள்ள எக்ஸ்டென்ஷன்களையும், போனில் உள்ள இலவச வி.பி.என். செயலிகளையும் இன்றே ஒருமுறை பாருங்கள். எதற்காகப் போட்டோம் என்று நினைவில்லாதவற்றை நீக்கிவிடுங்கள்.