இசைத்தட்டுக்கு ஒரு சட்டை

பாட்டுக் கேட்பதில் கண்ணுக்கும் பங்குண்டு என்பதை எனக்குக் காட்டித் தந்தவை இசைத்தட்டு உறைகள்.

ஆரம்பத்தில் உறை என்பது வெறும் மண்ணிறத் தாள். நடுவே வட்டமாக வெட்டியிருப்பார்கள். அதனூடாகத் தட்டின் பெயர்ச்சீட்டை வாசிக்கலாம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடமே பாடும். ஆகவே, நீண்ட இசைக்குரிய பல தட்டுகளைப் புகைப்பட அல்பம் போல ஒன்றாகக் கட்டி விற்றார்கள். 'அல்பம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அந்தக் கட்டின் மேலட்டையில் கருத்தோடு ஒரு படம் போடலாம் என்று 1940இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தில் செய்துகாட்டியவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் ஓவியர். 1948இல் எல்.பி. தட்டு வந்தது, ஓரடிச் சதுரம் ஓவியனின் களமாயிற்று.

நம்மிடம் வந்த தமிழ்த் திரைப்படத் தட்டுகளோ சினிமாச் சுவரொட்டியின் தங்கைகள். நட்சத்திரத்தின் முகம் பெரிது. இசையமைப்பாளரின் பெயர் சிறிது. நான் பார்த்தவற்றில் உறையை வரைந்தவரின் பெயர் அநேகமாக இல்லை. பாடியவருக்கும் எழுதியவருக்கும் கொடுத்த ஒரு வரியை இவருக்கும் கொடுத்திருக்கலாம்.

1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கசற், அந்தச் சதுரத்தை உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அதற்குத் தனிக் கலையொன்று பிறந்தது. எண்பதுகளில் ஒலிப்பதிவுக் கடையில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் வெற்றுக் கசற்றில் பதிந்து தருவார்கள். (காப்புரிமை வேறு கதை.) உள்ளே வைக்கும் அட்டையில் பாட்டின் முதலடி, படத்தின் பெயர், பாடியவர் எல்லாம் கையெழுத்தில். சிலர் சிவப்பு மையால் அடிக்கோடிடுவார்கள். சிலர் ஓரத்தில் பூக்கொடி வரைவார்கள். எந்த அச்சகமும் தராத முகம் அது. 1990இன் பின் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். அந்த அட்டைகளை வாசித்தது ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது கசற்றுகளை யார் தூக்கினார்கள்? எஞ்சியவற்றையும் பலர் பின்னர் குப்பையில் போட்டுவிட்டார்கள். நூலை நூலகம் காக்கும். இந்த அட்டைக்கு இடமில்லை.

சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, லண்டனில் கலைக்கல்லூரியில் படித்த மாயா அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் 2005இல் வெளியிட்ட அல்பத்துக்குத் தந்தையின் புனைபெயரான 'அருளர்' என்பதையே வைத்தார். உறையில் அவர் முகத்தைச் சுற்றித் துவக்குகளும் தாங்கிகளும். 2010இல் வந்த 'மாயா' உறையிலோ, யூரியூப் கட்டங்களுக்குள் முகமே மறைந்துபோகிறது. முதலாவது என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது, இரண்டாவது சலிப்பூட்டியது.

உங்கள் அலுமாரியில் பழைய கசற் இருந்தால் அட்டையை எடுத்துப் பாருங்கள். எழுதிய கை யாருடையது என்று தெரிந்தால், பின்புறத்தில் பெயரைக் குறித்து வையுங்கள்.