கியர் பொக்ஸைக் கழற்றுமுன்

இலங்கையில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் ஒன்று வட்டவளை. இங்கே வருடக்கணக்கில் கொட்டிலில் நின்ற மொரிஸ் மைனரில் கியர் விழவில்லை என்றால், உடனே கியர் பொக்ஸில் பழி போடாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டுப் பாருங்கள். அப்போது இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரத்தால், குற்றம் பெரும்பாலும் கிளச்சில்தான்: ஈரத்தில் துருவேறிய கிளச் பிளேட் பிளைவீலோடு ஒட்டிப் பிடித்திருக்கும். முதல் கியர் எப்போதுமே கத்துகிறதே என்பீர்கள். அதற்குக் கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே போடவேண்டும். தடித்த ஒயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்பாரும் உண்டு. அது தவறு. பின் அச்சுக்கு ஊற்றும் தடித்த ஒயில் வேறு. மைனரின் கியர் பொக்ஸுக்கு உரியது எஞ்சின் ஒயில். பழைய ஒயிலை வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உலோகத் துண்டுகள் மினுங்கினால் கியர் பொக்ஸைக் கழற்றத்தான் வேண்டும்.